மடிப்பும் சான்றே

சென்ற திங்கட்கிழமை என் ஆய்வு முன்னேற்றக் கூட்டம் நடைபெற்றது. மூன்றாண்டுகளாகத் திரட்டிய ஒலிப்பதிவுகளின் எழுத்து வடிவத்தோடு, ஒரு காலணிப் பெட்டியில் ஏழு மடிப்பு அட்டைகளையும் எடுத்துச் சென்றிருந்தேன். திறந்தால் எழுந்து நிற்கும் பல்லக்கு ஒன்று. தோரண வாயில் ஒன்று. அச்சோ வண்ணமோ ஏறாத வெறும் வெள்ளைத் தாளில் செய்த டம்மிகள் ஐந்து. கூட்டத்திலிருந்த பேராசிரியர் ஒருவர் பல்லக்கைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிறகு பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அழகாக இருக்கின்றன. ஆனால் ஆய்வேட்டில் இந்த வாழ்த்து அட்டைகளுக்கு என்ன வேலை? புகைப்படம் எடுத்துப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள், போதும்" என்றார். மற்றவர்களும் உடன்பட்டனர். கூட்டக் குறிப்பில் 'அலங்காரப் பொருள்கள் நீக்கப்பட வேண்டும்' என்று பதிவாயிற்று.

அவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. என் அத்தியாயங்களைப் பொறுமையோடு படித்தவர்கள் அவர்கள். நான் கண்டுகொள்ளாத பிழைகளையும் சுட்டிக்காட்டினார்கள். அலங்காரம் என்ற அந்த ஒரு சொல்தான் வீடு வந்த பின்னும் என்னை விடவில்லை. அது என் ஏழு அட்டைகளைப் பற்றிய முடிவு மட்டுமன்று. கையால் அறியப்படும் அறிவைப் பல்கலைக்கழகம் எங்கே வைக்கிறது என்பதைப் பற்றிய முடிவும் ஆகும். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் ஆய்வு பற்றி. முதுகலையில் மொழியியல் படித்தேன். இப்போது, தொழிற்கூடங்களில் ஒருவர் மற்றொருவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும்போது மொழி எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராய்கிறேன். என் களம் பழைய டெல்லியின் சாவ்ரி பஜார். செம்பு, பித்தளைப் பொருள்களோடு தாளுக்கும் திருமண அழைப்பிதழ்களுக்கும் பெயர்பெற்ற மொத்த வணிகத் தெரு அது. அதை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் ஓர் அறை. அழைப்பிதழ்களுக்கும் வாழ்த்து அட்டைகளுக்கும் மாதிரி செய்துகொடுக்கும் முதியவர் ஒருவர் அங்கே இரண்டு இளைஞர்களுக்குத் தொழில் பழக்குகிறார். எல்லோரும் அவரை உஸ்தாத் என்கிறார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன்.

அவருடைய ஒரு வாக்கியத்தை எழுத்தில் பெயர்த்தபோதுதான் என் சிக்கல் தொடங்கியது. "அப் இஸ்கோ இதர் ஸே ஐஸே, உதர் பீ ஐஸே ஹீ." 'இப்போது இதை இங்கிருந்து இப்படி, அங்கேயும் இப்படியே.' சுட்டுச் சொற்களை நீக்கினால் இவ்வாக்கியத்தில் ஏறத்தாழ எதுவும் மிஞ்சாது. நம் இலக்கணம் அ, இ, உ என்று சுட்டை முதலெழுத்துகளிலேயே அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. அண்மையில் இருப்பது இது, சேய்மையில் இருப்பது அது என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆனால் சுட்டப்படும் பொருள் கண்முன் இல்லாதபோது சுட்டு வெறும் ஓசைதான். உஸ்தாதின் 'இங்கே' தாளின் எந்த விளிம்பு? அவருடைய 'இப்படி' மேட்டு மடிப்பா, பள்ள மடிப்பா? அந்தத் தாள் இல்லாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருள் இல்லை. எனவேதான் ஒவ்வோர் உரையாடலுக்கும் உரிய டம்மியை, மடிப்புகளில் எண்ணிட்டு, எழுத்து வடிவத்தோடு இணைத்தேன். நான் கொண்டுசென்ற பெட்டி என் தரவின் பாதி.

புகைப்படம் ஏன் போதாது என்று கேட்கலாம். பாப்-அப் அட்டை எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் கண்டால் விடை கிடைக்கும்.

24 செ.மீ. நீளமுள்ள தடித்த தாளை நடுவில் மடியுங்கள். 12 செ.மீ. அகலத்தில் இரு பக்கங்கள் கிடைக்கும். நடு மடிப்புக்கு இணையாக இடப்பக்கத்தில் 5 செ.மீ. தொலைவிலும் வலப்பக்கத்தில் 4 செ.மீ. தொலைவிலும் ஒவ்வொரு கோடு இடுங்கள். வேறொரு தாள்பட்டையை ஒரு மடிப்பால் 4 செ.மீ., 5 செ.மீ. என இரு பகுதிகளாக்குங்கள். இரு முனைகளிலும் ஒட்டுவதற்கு நாக்கு விட்டுக்கொள்ளுங்கள். 4 செ.மீ. பகுதியை இடக்கோட்டிலும் 5 செ.மீ. பகுதியை வலக்கோட்டிலும் ஒட்டுங்கள். அட்டையைச் செங்கோணத்தில் திறந்தால் ஒரு பெட்டி எழுந்து நிற்கும். மூடினால், அதன் உச்சி நடு மடிப்பிலிருந்து 9 செ.மீ. தொலைவில் படுத்துக்கொள்ளும், அட்டையின் அகலம் 12 என்பதால் வெளியே எட்டிப்பார்க்காது.

இதற்குள் இருக்கும் விதி எளியது. ஒரு பக்கத்தில் கோட்டின் தொலைவையும் அங்கே ஒட்டிய பகுதியின் நீளத்தையும் கூட்டுங்கள். மறுபக்கத்திலும் அவ்வாறே கூட்டுங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இங்கே 5 + 4, அங்கே 4 + 5. வலப்பகுதியை 6 ஆக்கிவிட்டால் ஒருபுறம் 9, மறுபுறம் 10. அட்டை மூடாது, வலிந்து மூடினால் தாள் கசங்கும். இதே பெட்டி, அட்டையை முழுவதுமாகத் திறந்து மேசைமேல் விரித்தால் தட்டையாகிவிடும். பகுதிகளின் கூட்டும் கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவும் ஒன்றே என்பதுதான் காரணம். விரித்த நிலையிலும் நிற்க வேண்டுமானால் பட்டை அந்தத் தொலைவைவிட நீளமாக இருக்க வேண்டும். இருபுறமும் 4 செ.மீ. தொலைவில் கோடிட்டு 6 செ.மீ. பகுதிகளை ஒட்டினால், விரித்த அட்டைமேல் ஏறத்தாழ நாலரை செ.மீ. உயரக் கூரை நிற்கும். மூடும்போது உச்சி 10 செ.மீ. தொலைவில் அடங்கும்.

இப்போது இதைப் புகைப்படத்தில் பாருங்கள். நிற்கும் கூரை தெரியும். மூடுமா என்பது தெரியாது. அளவு பிழைத்த அட்டையும் திறந்த நிலையில் எடுத்த படத்தில் சரியான அட்டையைப் போலவே காட்சியளிக்கும். அட்டையின் உண்மை இயக்கத்தில் இருக்கிறது. நிலைப்படமோ இயக்கத்தில் ஒரு கணத்தை மட்டும் வெட்டி எடுக்கிறது.

உஸ்தாத் சமன்பாடு எழுதுவதில்லை. அவர் அளவுகோலை எடுத்தே நான் அதிகம் பார்த்ததில்லை. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் தாளில் கோடு அழுத்துவார். தாளை இருவாட்டிலும் மெல்ல வளைத்துப் பார்ப்பார். எந்த வாட்டில் எளிதாக வளைகிறதோ அதுவே நார் ஓடும் திசை. மடிப்பு அத்திசைக்கு இணையாக அமைய வேண்டும், குறுக்கே மடித்தால் தடித்த அட்டையின் முதுகு வெடிக்கும். பிறகு உருவத்தின் ஒரு நாக்கை மட்டும் ஒட்டுவார். மறு நாக்கில் பசை தடவி, உருவத்தைத் தட்டையாகப் படுக்கவைத்து, அட்டையை அதன்மேல் மூடி அழுத்துவார். திறக்கும்போது மறு நாக்கு தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து ஒட்டியிருக்கும். நான் மேலே எழுதிய சமன்பாட்டை அவருக்காக அட்டையே தீர்த்துக் கொடுத்துவிடுகிறது. மூடிய நிலையில் ஒட்டியது மூடாமல் போக வழியில்லை. மாணவர் எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் கடைசிச் சொல் ஒன்றுதான்: "பந்த் கர்கே தேக்கோ, பேட்டா." மூடிப் பார், மகனே.

மொழியியல் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஐந்து வயதுக் குழந்தை வேற்றுமை உருபைப் பிழையின்றிச் சேர்க்கிறது. விதியைக் கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. அதனால் அக்குழந்தைக்கு இலக்கணம் தெரியாது என்று எந்த மொழியியலாளரும் சொல்வதில்லை. அக்குழந்தையிடம் உள்ள அறிவை வெளிக்கொணர்வதே நம் துறையின் வேலை என்கிறோம். இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று பள்ளியிலேயே படித்தோம். விதியைச் சொல்லத் தெரியாமையும் விதியை அறியாமையும் வேறுவேறு என்ற இந்த ஒரு வேறுபாட்டின்மீதுதான் நம் துறையே நிற்கிறது. பேசுபவரின் நாவுக்கு நாம் தரும் இந்த மதிப்பை மடிப்பவரின் கைக்கு ஏன் தருவதில்லை?

'அதெல்லாம் குழந்தைகளின் கைவேலை' என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. வரலாறு இதற்கு உடன்படவில்லை. அசையும் தாள் நூல்கள் ஐரோப்பாவில் அறிஞர்களின் மேசையில்தான் முதலில் இருந்தன. பீட்டர் ஆப்பியன் 1540இல் வெளியிட்ட வானியல் நூலில் தாள் வட்டுகளைச் சுழற்றிக் கோள்களின் நிலைகளைக் காணலாம். 1543இல் வெசாலியஸ் தம் உடற்கூற்றியல் பெருநூலோடு வெளியிட்ட சுருக்கநூலில், மாணவர்கள் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உடலின் அடுக்குகளை உருவாக்கிக்கொள்ளும் தாள்கள் இருந்தன. வெட்டி ஒட்டுவது அன்று மருத்துவக் கல்வியின் பகுதி. குழந்தைகளுக்கான அசையும் நூல்கள் பெருகியது பின்னர்தான். மியூனிக்கின் லோதார் மெகெண்டார்ஃபர் தம் சர்க்கஸ் நூலை வெளியிட்டது 1887இல்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1893இல் சென்னையில் ஆங்கில நூல் ஒன்று வெளிவந்தது. எழுதியவர் டி. சுந்தர ராவ், அரசின் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். மழலையர் கல்விக்காக உருவாக்கப்பட்ட தாள்மடிப்புப் பொட்டலமே அந்நூலுக்கான எண்ணத்தைத் தமக்குத் தந்தது என்று அவரே முன்னுரையில் கூறுகிறார். ஒரு சதுரத் தாளை மட்டும் கொண்டு, மடித்து மடித்தே வடிவியலை அதில் வளர்த்தெடுத்தார். ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் அந்நூலைக் குறிப்பிட்டார். 1901இல் சிகாகோவில் அதன் அமெரிக்கப் பதிப்பு வந்தது. 1936இல் இத்தாலியக் கணிதவியலாளர் மார்கெரிட்டா பெலோக், தாள்மடிப்பால் முப்படிச் சமன்பாடுகளையும் தீர்க்க முடியும் என்று காட்டினார். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு எல்லாக் கோணங்களையும் மூன்றாகப் பகுத்துவிட இயலாது, சிலவற்றை மட்டுமே இயலும். தாளை மடித்தால் இயலும். கோரியோ மியூரா வகுத்த மடிப்புமுறை 1995இல் ஏவப்பட்ட ஜப்பானிய விண்கலத்தில் சூரியத் தகட்டை விரிக்கப் பயன்பட்டது. மழலையர் பொட்டலத்திலிருந்து புறப்பட்ட எண்ணத்தை ஒரு வருவாய்த் துறை அலுவலர் நூலாக்கினார் என்றால், இன்று ஓர் ஆய்வுக் குழு அதே தாளை அலங்காரம் என்று ஒதுக்குவது பின்னோக்கிய நடை ஆகாதா?

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். ராஜஸ்தானத்துச் சித்தோர்கருக்கு அருகில் உள்ள பஸ்ஸி ஊரில் தச்சர்கள் செய்யும் காவட் என்ற மரப்பேழையைப் பலர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கலாம். பல கதவுகள் கொண்ட, ஓவியம் தீட்டிய சிறு கோயில் அது. கதைசொல்லி ஒவ்வொரு கதவாகத் திறந்து கதையை நடத்திச் செல்வார். எல்லாக் கதவுகளும் திறந்த பின்பே உள்ளறைத் தெய்வம் தெரியும். எல்லாக் கதவுகளையும் ஒருசேர விரித்துப் படமெடுத்தால் எல்லா ஓவியங்களும் கிடைக்கும், கதை கிடைக்காது. எது முதலில், எது பின்னர், எது கடைசிவரை மறைந்திருக்கிறது என்ற வரிசைதான் அங்கே தொடரியல். உஸ்தாதின் அட்டையிலும் அப்படியே: பல்லக்கின் திரை முதலில் நகர்ந்து, பிறகு மணமகளின் பெயர் தெரிய வேண்டும். அதற்காக ஒரு மடிப்பின் கோணத்தை அவர் நான்கு டம்மிகளில் மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்த நான்கும் என் பெட்டியில் இருந்தன.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவற்றில் நியாயமும் இருக்கிறது.

முதலாவது, பாதுகாப்பு. தாள் உருக்கள் கிழியும், ஒட்டு விடும், நூலக அலமாரியில் நசுங்கும். ஆய்வேடுகள் மின்வடிவில் சோத்கங்கா போன்ற களஞ்சியத்தில் சேர்வதால்தான் ஊர்விட்டு ஊர் செல்ல வசதியில்லாத மாணவரும் இன்று அவற்றைப் படிக்கிறார். நானே அதனால் பயன்பெற்றவர். இதை மறுக்கவில்லை. ஆனால் மின்கோப்பு மடிப்புக்குப் பகையன்று. ஒவ்வோர் உருவுக்கும் உண்மை அளவில் ஒரு வெட்டுப்படம், மேட்டு மடிப்புக்கு ஒருவகைக் கோடு, பள்ள மடிப்புக்கு வேறுவகைக் கோடு, தாளின் தடிமன், நார் திசை, ஒட்டும் வரிசை ஆகிய இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். படிப்பவர் அச்சிட்டு, வெட்டி, மடித்துப் பார்க்கலாம். உரு நசுங்கினாலும் மறுபடி பிறக்கும். ஆய்வில் நாம் பெரிதும் போற்றும் 'மறுசோதனைக்கு உட்படுதல்' இதைவிட எளிதாக வேறெங்கே வாய்க்கும்?

இரண்டாவது, மதிப்பீடு. அழகான பொருளைக் காட்டி வாதத்தின் வலுவின்மையை ஒருவர் மறைத்துவிடலாம் என்ற அச்சம். இது உண்மையான அச்சம். வண்ண வரைபடங்களைக் கொண்டு அப்படி மறைப்பவர்களை நாமெல்லாம் கருத்தரங்குகளில் பார்த்திருக்கிறோம். அதற்காக வரைபடங்களைத் தடைசெய்துவிடவில்லை. வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். மடிப்பையும் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். மேலும், மடிப்பு பொய் சொல்வதில் அவ்வளவு திறமை உடையதன்று. மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, இனி எல்லாவற்றையும் மென்பொருள் வரைந்துவிடும், லேசர் வெட்டிவிடும், கைத்திறனை ஆவணப்படுத்துவதால் என்ன பயன் என்பது. சாவ்ரி பஜாரிலேயே லேசரால் வெட்டிய அட்டைகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் திரையில் வரையும் கோட்டுக்குத் தடிமன் இல்லை, தாளுக்கு உண்டு. ஆறு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று மடியும் இடத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைக் கடைசியில் யாராவது ஒருவர் தாளை மடித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கணினியில் வரைந்த கோப்போடு அந்த மாடிப்படி ஏறி வந்த இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, என் மனத்தை உறுத்தும் ஒன்று. இதில் நானும் குற்றவாளிதான்.

திருமண அழைப்பிதழில் அச்சகத்தின் பெயர் சிறிதாகவேனும் இருக்கும். மடிப்பை வடிவமைத்தவர் பெயர் இருக்காது. உலகெங்கும் நெடுங்காலம் இதுவே நிலை. இன்று மேலைநாட்டுப் பாப்-அப் நூல்களில் தாள் பொறியாளர் என்று ஒருவரின் பெயரை அச்சிடும் வழக்கம் வந்துவிட்டது. அந்த நூல்களையும் கையால்தான் ஒட்டிச் சேர்க்க வேண்டும். 1970களிலும் 80களிலும் அவற்றுள் பலவற்றைக் கொலம்பியாவின் காலி நகரத் தொழிலாளர்கள் ஒட்டினார்கள்; அவர்களுடைய பெயர்கள் எங்கும் இல்லை. என் ஆய்வேட்டில் உஸ்தாதின் பெயர் 'தகவலாளி 3'. ஆய்வு நெறிமுறை அப்படித்தான் கேட்கிறது. தகவல் தருபவருக்குத் தீங்கு நேராதிருக்க அவர் அடையாளத்தை மறைக்க வேண்டும். நல்ல நோக்கமே. ஆனால் ஒருநாள் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டியபோது அவர் கேட்டார்: "அப்படியென்றால் இந்தப் பல்லக்கை யார் செய்தார் என்று உன் புத்தகத்தில் இருக்குமா?" நான் விடை சொல்லாமல் தேநீரைக் குடித்தேன்.

பேச்சைத் தந்தவர் தகவலாளி. பல்லக்கை வடிவமைத்தவர் ஆக்கியோன். ஒரே மனிதரிடம் இரண்டும் இருக்கும்போது படிவத்தில் முதலாவதற்கு மட்டும் கட்டம் இருக்கிறது. அட்டையை அலங்காரம் என்று அழைத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. அலங்காரத்துக்கு ஆசிரியர் தேவையில்லை. சான்று என்று ஏற்றால், அதைப் படைத்தவர் யார் என்று கேட்டே ஆகவேண்டும். என் பெட்டி மேசையைவிட்டு நகர்த்தப்பட்டபோது உண்மையில் நகர்ந்தது இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய பெயரை இங்கும் நான் எழுதவில்லை. ஆய்வேட்டில் இடுவதற்கு மட்டுமே அவரிடம் புதிதாக எழுத்து மூலம் இசைவு பெற்றிருக்கிறேன். அதற்கு அப்பால் எடுத்துச் செல்ல எனக்கு உரிமையில்லை.

அடுத்த கூட்டத்துக்குள் ஒரு விண்ணப்பம் தர இருக்கிறேன். அதில் மூன்றே வேண்டுகோள்கள். ஒன்று, மடிப்பு உருக்களைத் தரவாக ஏற்று, உண்மை அளவு வெட்டுப்படங்களை ஆய்வேட்டின் உடற்பகுதியிலேயே, உரிய உரையாடலுக்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க இசைய வேண்டும். இரண்டு, ஒவ்வோர் உருவையும் திறந்து மூடும் சிறு காணொளியை மின்கோப்போடு சேர்க்க இடம் தர வேண்டும். மூன்று, விரும்பும் கைவினைஞர் தம் பெயரோடு, வடிவமைப்பாளராகக் குறிக்கப்படத் தனி இசைவுப் படிவம் வேண்டும். தகவலாளிப் படிவம் அப்படியே இருக்கட்டும். இவற்றுள் எதற்கும் புதிய கட்டடமோ நிதியோ தேவையில்லை.

படிக்கும் பேராசிரியர்களுக்கும் சக ஆய்வாளர்களுக்கும்: உங்கள் துறையில் நெசவு, கோலம், நாட்டியம், பானை வனைதல் என்று கையும் உடலும் அறிந்தவற்றை ஆராய்ந்து, உருவையோ இயக்கத்தையோ தரவாக ஆய்வேட்டில் சேர்த்த முன்னுதாரணம் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த வடிவில் சமர்ப்பித்தீர்கள், எதை ஏற்றார்கள், எதை நீக்கச் சொன்னார்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். விண்ணப்பத்தோடு அவற்றை இணைக்க விரும்புகிறேன்.

மாணவர்களுக்கு ஒன்று மட்டும். மேலே தந்த அளவுகளில் ஓர் அட்டையை இன்றிரவு செய்யுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு பகுதியில் ஒரு செ.மீ. கூட்டி இன்னொன்று செய்யுங்கள். இரண்டையும் திறந்து வைத்துப் படமெடுத்து, எது சரியானது என்று நண்பரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் அட்டைகளை அவர் கையில் கொடுத்து, மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்.